வாலில் கேமரா ஒட்டினால் விமானம் ஏன் மூக்கைத் தூக்கி விழுகிறது?

கேள்வி: தெர்மகோலில் நானே செய்த ரிமோட் விமானம் நன்றாகத்தான் பறந்தது. வாலில் 30 கிராம் கேமரா ஒட்டியதிலிருந்து மூக்கைத் தூக்கித் தூக்கி விழுகிறது. கேமரா இல்லாமல் விமானம் 600 கிராம். இத்தனூண்டு எடை இவ்வளவு செய்யுமா? – கல்லூரி மாணவர், மண்டபம்

பதில்: செய்யும். எடை சின்னதுதான், அது உட்கார்ந்த இடம்தான் வில்லங்கம். நீங்கள் எழுதிய அளவுப்படி இறக்கையின் அகலம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 18 செ.மீ.; ஈர்ப்பு மையம், அதாவது விமானம் சாயாமல் சமமாக நிற்கும் இடம், முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ.யில் இருந்திருக்கிறது. கேமரா அங்கிருந்து 45 செ.மீ. பின்னால். 30-ஐ 45-ஆல் பெருக்கி, மொத்த எடை 630-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.1 செ.மீ. வருகிறதா? மையம் அவ்வளவு பின்னுக்குப் போய் 7.1-இல் நிற்கிறது. இந்த மாதிரி விமானங்களுக்கு 4.5 முதல் 5.4 வரை வைப்பதுதான் பத்திரம்.

ஈர்க்குச்சி அம்பு விட்டிருப்பீர்கள். நுனியில் களிமண் உருட்டி வைத்தால் நேராகப் போகும், இல்லாவிட்டால் குட்டிக்கரணம் போடும். இதுவும் அதே கதைதான். கச்சான் காற்று ஒரு தட்டு தட்டி மூக்கை உயர்த்தினால், இறக்கையும் வாலும் சேர்ந்து கூடுதலாக மேலே தூக்கும். அந்தக் கூடுதல் விசை விழும் இடம் நடுநிலைப் புள்ளி. ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் இருந்தால் வால் உயர்ந்து மூக்கு தானாகத் தணியும். பின்னால் போய்விட்டால் மூக்கு இன்னும் ஏறும். கொஞ்ச நேரத்தில் இறக்கை தூக்குவதை விட்டுவிடும், அப்புறம் விழ வேண்டியதுதான்.

மூக்கில் ஈயம் ஒட்டச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, வீண் பாரம். கேமராவை இறக்கைக்கு அடியில் மாற்றுங்கள். வாலில்தான் வேண்டும் என்றால் 150 கிராம் பேட்டரியை 9 செ.மீ. முன்னே தள்ளுங்கள், கணக்கு சரியாகிவிடும். ரொம்பவும் தள்ளிவிடாதீர்கள், மூக்கு கனத்தால் எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் அசையும் தகடு) விமானம் சரியாக மசியாது, வேகமாகத்தான் தரையிறங்கும்.

பேட்டரியைப் பொருத்தியபின், இறக்கைக்கு அடியில் இருபுறமும் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ.யில் விரல்நுனி கொடுத்துத் தூக்குங்கள். மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நின்றால் போதும்.

இன்னொன்று, உங்கள் பக்கத்து உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானதளம் இருக்கிறது. பறக்கவிடும் இடத்தை முதலில் டிஜிட்டல் ஸ்கை (ட்ரோன்களுக்கான மத்திய அரசு இணையதளம்) வரைபடத்தில் பாருங்கள். சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் கையிலிருந்து விடாதீர்கள்.