பழைய வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது ஃப்ரேம் விடுபடுகிறதா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அம்மா அப்பா கல்யாண கேசட்டை விர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில் ஏற்றுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு 400 ஃப்ரேம் டிராப் காட்டுகிறது. கணினி புதிதுதான். இன்னும் என்ன வாங்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். 400 ஃப்ரேம் என்றால், நொடிக்கு 25 வீதம், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் 16 நொடி காணாமல் போயிருக்கிறது. அது எங்கே போனது என்று முதலில் பார்ப்போம். டேப்பில் ஏதாவது பத்து நிமிடத்தை எடுத்து இரண்டு தடவை ஏற்றுங்கள், டிராப் எண்ணிக்கை எந்தெந்தக் காட்சியில் ஏறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்து பந்திக்குத் தாவும் அந்த வெட்டில் இரண்டு தடவையும் ஏறினால் கோளாறு டேப்பில் அல்லது விசிஆரில், நீங்கள் எவ்வளவு பெரிய கணினி வாங்கினாலும் அது போகாது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் கொத்தாக ஏறினால் கணினி. இத்தனை நொடிக்கு ஒன்று என்று சீராக ஏறினால் பெரும்பாலும் ஒலிக்கும் படத்துக்கும் நேரக் கணக்கு ஒத்துப்போகவில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கேள்வி: எனக்கு அதே இடத்தில்தான் விடுபடுகிறது. ஆனால் டிவியில் போட்டால் படம் நன்றாகவே ஓடுகிறதே?

பதில்: ஓடும். ஒவ்வொரு வரியும் ஃபீல்டும் (அரை ஃப்ரேம்) எங்கே தொடங்குகிறது என்று சொல்ல டேப்பிலேயே சிங்க் பல்ஸ் பதிவாகியிருக்கிறது. டேப் இழுபட்டிருந்தாலோ ஹெட்டில் அழுக்கு இருந்தாலோ அது முன்பின்னாக வரும். பழைய டியூப் டிவி அதை அனுசரித்துப் போய்விடும், படத்தைக் கணினிக்குள் அனுப்பும் கேப்சர் பெட்டி அனுசரிக்காது, ஃப்ரேம் எங்கே ஆரம்பம் என்று பிடிபடாவிட்டால் அப்படியே விட்டுவிடும். அதனால் முதலில் கேசட்டைக் கடைசி வரை ஓட்டி, திரும்ப முழுதாக ரீவைண்ட் செய்யுங்கள், இறுக்கம் சீராகும். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துண்டால் துடையுங்கள்: துண்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, ஹெட் பொருத்திய டிரம்மைத்தான் கையால் சுற்ற வேண்டும், மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம். கேசட் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது டேப் சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை, சுத்தம் செய்யாமல் விசிஆரில் போடாதீர்கள், அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும்.

இவ்வளவும் செய்த பிறகும் விடுபட்டால் டிபிசி, அதாவது சிக்னலின் நேரப் பிசகைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் தேவை. சில எஸ்-விஎச்எஸ் விசிஆரில் உள்ளேயே இருப்பது வரி டிபிசி, நெளியும் படத்தை நேராக்கும், ஆனால் ஃப்ரேம் விடுபடுவதை அது மட்டும் தடுக்காது. ஃப்ரேம் டிபிசிதான் தடுக்கும், விலை அதிகம். அந்தக் காசு கையில் இல்லாதவர்கள் பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டரை விசிஆருக்கும் கேப்சர் பெட்டிக்கும் நடுவில் வைப்பார்கள். அதில் பதிவு எதுவும் செய்ய வேண்டாம், சிக்னல் அதன் வழியாகப் போய்வந்தாலே போதும்.

கேள்வி: எனக்கு இடம் மாறி மாறி விடுபடுகிறது சார். லேப்டாப், யூஎஸ்பி கேப்சர்.

பதில்: சரி, அப்படியென்றால் கணினிப் பக்கம்தான். ஹப் வேண்டாம், நேராகச் செருகுங்கள். சார்ஜரைப் போட்டு, பவர் பிளானில் யூஎஸ்பி தூங்கப்போகும் அமைப்பை நிறுத்துங்கள். 720x576 அளவில் சுருக்காமல் ஏற்றினால் நொடிக்கு 20 எம்பிக்கு மேல், மணிக்குச் சுமார் 75 ஜிபி ஆகும். ஹஃப்ஒய்யுவி என்ற சுருக்கும் கோடெக்கைப் போட்டால் ஏறத்தாழ பாதியாகும், தரமும் குறையாது. எழுதுவது உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், அதே யூஎஸ்பியில் தொங்கும் வெளி டிஸ்க்கில் வேண்டாம். அப்புறம் ஆன்டிவைரஸ், கிளவுட் பேக்கப், பிரவுசர் எல்லாவற்றையும் மூடிவிட்டு, முன்னோட்டத்தையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: சீராக விடுபடுவதற்கு என்ன வழி? ஒலியை லேப்டாப் மைக் துளையில் கொடுத்திருக்கிறேன்.

பதில்: அதுதான் காரணம். படத்துக்கு நேரம் காட்ட ஒரு கிரிஸ்டல், ஒலிக்கு இன்னொரு கிரிஸ்டல், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது, அதைச் சரிக்கட்டத்தான் மென்பொருள் ஃப்ரேமைக் கழிக்கிறது அல்லது செருகுகிறது. ஒலியையும் கேப்சர் பெட்டியிலேயே கொடுங்கள்.

கேள்வி: ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் டிராப் சைபர்தான். ஆனால் யாராவது நடந்தால் விட்டு விட்டு நடக்கிறார்கள்.

பதில்: அந்தச் சைபர் ஓபிஎஸ் தன் வேலையில் தவறவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது, பெட்டியிலிருந்து ஃப்ரேம் வராவிட்டால் பழையதையே சத்தமில்லாமல் திரும்ப எழுதிவிடும். நம் ஊர் டேப் நொடிக்கு 25. அமைப்பு 30இலோ 60இலோ இருந்தால் இப்படித்தான் தட்டும், 25க்கு மாற்றுங்கள். டேப் ஏற்ற நான் ஓபிஎஸ்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: அண்ணை, நான் டொரோன்டோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த கேசட், இங்கே வாங்கிய விசிஆரில் படம் உருள்கிறது.

பதில்: டிவி சிக்னலுக்கு நாட்டுக்கு நாடு முறை வேறு: அங்கே விற்றவை என்டிஎஸ்சி, இலங்கை டேப் பால் (PAL) சிஸ்டம். அந்த விசிஆரில் எதைச் செய்தும் சரிவராது. பால் சிஸ்டமும் ஓடும் மல்டிசிஸ்டம் விசிஆர் ஒன்று தேடுங்கள், அதன் வெளியீட்டை என்டிஎஸ்சிக்கு மாற்றாமல் அப்படியே விட்டு, கேப்சர் டிரைவரில் பால்-பி தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எத்தனை டிராப் வரை பரவாயில்லை?

பதில்: காட்சி மாறும் வெட்டில் ஒன்றிரண்டு போனால் கண்ணுக்கே தெரியாது, விட்டுவிடுங்கள். ஆனால் தாத்தா பேசிக்கொண்டிருக்கும்போது பத்துப் பன்னிரண்டு சேர்ந்தாற்போல் போனால் விடாதீர்கள், விசிஆரின் டிராக்கிங்கைக் கொஞ்சம் நகர்த்தி அந்த இடத்தை மட்டும் திரும்ப ஏற்றி ஒட்டிக்கொள்ளலாம். அதற்காகவாவது கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.