பிரிந்து போய் மீண்டும் சேர்ந்த இசைக்குழுவின் கச்சேரிப் பதிவு எதையாவது பார்த்து அசந்திருக்கிறீர்களா?

ஒன்றே ஒன்று. அமெரிக்க ராக் இசைக்குழுவான ஈகிள்ஸின் 'ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்'. அதையும் முதலில் கண்ணால் பார்க்கவில்லை, நெஞ்சில்தான் வாங்கினேன்.

2003 வாக்கில் சென்னை ரிச்சி தெருவில் ஹோம் தியேட்டர் விலை கேட்டு நான் ஏறி இறங்கிய கடைகளில் பாதிக்கு மேல் அந்த டிவிடிதான் ஓடியது. அதிலும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' மட்டும். கடைக்காரர்களுக்கு அதில் ஒரு கணக்கு. குழுவின் கிடார் கலைஞர் டான் ஃபெல்டர் நைலான் தந்தி கிடாரில் நிதானமாக ஆரம்பிப்பார். பிறகு தாளம் வந்து சேரும். அந்த 'தும்' விழும் இடத்தில் மற்ற வாத்தியங்களின் நெரிசல் இருக்காது. அடித்தொனிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரின் யோக்கியதை பட்டென்று தெரிந்துவிடும். கைதட்டல் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். நானும் அதில் விழுந்து ஒரு செட் வாங்கினேன். எங்கள் வீட்டு ஹாலில் கடையில் கேட்ட மாதிரி ஒருநாளும் கேட்டதில்லை. கீழ் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ரொம்ப நன்றாகக் கேட்டதாம்.

முழுப் பதிவையும் உட்கார்ந்து பார்த்தது என் சித்தப்பாவோடு. அவர் இருபது வருடம் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று அலைந்தவர். இங்கிலீஷ் பாட்டில் ஆர்வம் கிடையாது, விரல்களைத்தான் பார்ப்பார். பர்மா பஜாரில் வாங்கிய டிவிடியைப் போட்டேன்.

'ஹோட்டல் கலிஃபோர்னியா' தொடக்கத்தில் என்ன பாட்டு என்றே பிடிபடாது. 1976 ஆல்பத்தில் எலக்ட்ரிக் கிடார்கள் முழங்க முடியும் பாட்டு, இங்கே ஸ்பானிஷ் சாயலில் எங்கெங்கோ சுற்றிவிட்டு வரும். பழகிய அந்த மீட்டல் காதில் விழுந்ததும் கூட்டம் 'ஹோ'வென்று கத்தும். கடைசியில் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் ஜோடியாக வாசிக்கும் பகுதியை மூன்று தடவை ஓட்டச் சொன்னார் சித்தப்பா. அப்புறம் சாவகாசமாகக் கேட்டார்: "கிடார் ரெண்டும் பேசிக்குது. ஆளுங்க பேசிக்கிற மாதிரி தெரியலையேடா?"

நான் அதுவரை அவரிடம் எந்தக் கதையும் சொல்லியிருக்கவில்லை.

கதை இதுதான். 1980 ஜூலையில் லாங் பீச்சில் ஒரு செனட்டருக்காக வாசித்த கச்சேரி. குழுவின் பாடகர் க்ளென் ஃப்ரேயும் ஃபெல்டரும் மேடையிலேயே, 'இன்னும் மூணு பாட்டு இருக்கு, முடியட்டும், உன்னை வெச்சுக்கறேன்' என்கிற ரீதியில் மிரட்டிக்கொண்டு பாட்டை எண்ணினார்கள். அத்தோடு குழு உடைந்தது. மறுபடி எப்போது சேர்வீர்கள் என்று கேட்டவர்களுக்கு, நரகம் பனியில் உறையும்போது என்றார் குழுவின் இன்னொரு பாடகர் டான் ஹென்லி. பதிவின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1994 ஏப்ரலில் உறைந்தது. பதிவில் ஃப்ரே, நாங்கள் பிரியவே இல்லை, 14 வருடம் லீவில் போயிருந்தோம் என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் 2001இல் ஃபெல்டரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. சித்தப்பா கண்டுபிடித்தது சரிதான்.

பழைய பாட்டுகளோடு நான்கு புதுப் பாட்டுகளும் இதில் உண்டு. டிமோத்தி ஷ்மிட் பாடும் ஒன்றைத் தவிர மற்றவை எனக்கு ஒட்டவில்லை. ஆனால் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வைப் பொறுத்தவரை 1976 பதிவைவிட இதுதான் என் கட்சி. எலக்ட்ரிக் கிடார் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். வேகம் குறைந்த இடத்தில் வயசு தெரிகிறது, அதுதான் அழகு.

கதையைக் கேட்டுவிட்டு சித்தப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய குழுவும் பாக்கிப் பணத் தகராறில்தான் உடைந்தது. கீபோர்டு வாசித்தவர் மந்தைவெளியில் இருந்தார், சித்தப்பா வீடு மயிலாப்பூர். தெப்பக்குளம் பக்கம் எதிரே வந்தால்கூட இரண்டு பேரும் ரோட்டைக் கடந்துவிடுவார்கள்.

"பதினாலு வருஷம் கழிச்சும் கை அப்படியே இருக்கே" என்றார். "அதெப்படி?"

அதற்கப்புறம் மந்தைவெளிக்காரரைக் கூப்பிட்டுப் பேசினாரா என்று கேட்காதீர்கள். பேசவில்லை. 'ஒரு வாரத்துல தரேன்' என்று எடுத்துக்கொண்டு போன டிவிடியை மட்டும் இன்றுவரை திருப்பித் தரவில்லை.