நானூறு விண்ணப்பம், ஒரு போன்கூட இல்லை: வேலை தேடுவோரின் கேள்விகளும் பதில்களும்

சென்னையில் 16 வருடமாகக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறேன். ஐடி, ஆட்டோமொபைல் உதிரிபாகம் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில்.

நாமக்கல், மெக்கானிக்கல், 2024: மேடம், நான்கு மாதத்தில் 400 இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஒரு போன்கூட வரவில்லை. ரெஸ்யூமே சரியில்லையா?

ரெஸ்யூமே பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், தம்பி. ஒரகடம் ஆலைக்குத் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் இரண்டு பேர் வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்கிறது. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் போடுகிறேன். மறுநாள் காலைக்குள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்திருக்கும். அதை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை. தேடல் பெட்டியில் 'இன்ஸ்பெக்‌ஷன்', 'சிஎம்எம்', 'ஜிடி அண்ட் டி' என்று அந்த வேலைக்குரிய சொற்களைத் தட்டுவேன். ஊர், அனுபவம், ப்ரொஃபைலைக் கடைசியாக எப்போது திறந்தார் என்று சல்லடை போடுவேன். ஐம்பது பேர் மிஞ்சினால் பத்துப் பேருக்குப் போன். மற்றவர்கள் திறமையில்லாதவர்கள் என்று அர்த்தமில்லை. என் திரையில் அவர்கள் வரவே இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேயில் ஆட்டோகேட், ஜாவா, டேலி, எம்எஸ் ஆபீஸ் நான்கும் ஒரே வரியில் இருக்கின்றன. இது எந்தச் சல்லடையிலும் நிற்காது. அடுத்த மூன்று மாதத்துக்குத் தரக்கட்டுப்பாடு அல்லது உற்பத்தி, ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று பார்த்து 30 கம்பெனிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன தயாரிக்கிறார்கள், அங்கே யாரைத் தெரியும், என்றைக்கு விண்ணப்பித்தோம், எப்போது திரும்பக் கேட்க வேண்டும். இவ்வளவு போதும். விளம்பரத்தில் இருக்கும் சொற்களில் உங்களுக்கு உண்மையாகவே தெரிந்தவை, அதே சொற்களாக ரெஸ்யூமேயில் இருக்கட்டும். ப்ரொஃபைலை வாரம் ஒரு தடவையாவது திறந்து ஏதாவது திருத்துங்கள்.

இன்னொன்று. உங்கள் ஊர் லாரி பாடி கட்டும் ஊர். ஏதாவது பட்டறையில் ஒரு மாதம் நின்றிருந்தால்கூட அதை எழுதுங்கள். வெல்டிங் தூசி பட்டவன் என்றால் ஆலை மேலாளர் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்ப்பார். மத்திய அரசின் நாட்ஸ் திட்டத்தில் ஒரு வருட அப்ரென்டிஸ் பயிற்சியும் இருக்கிறது. ஸ்டைபண்டு கிடைக்கும், ஆலைக்குள் நுழையவும் அது ஒரு வழி. தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில்தான்.

மதுரை, இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்): அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன், அக்கா. ஒரு கன்சல்டன்சியில், வேலை பார்த்ததாக எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். நியாயம் பேசவில்லை, மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் சொல்கிறேன். பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைக் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனியில் என்று சேர்ந்தோம், என்று விலகினோம் என்பது அதில் தெரியும். லெட்டரில் இரண்டு வருடம், பிஎஃப் பக்கம் காலி என்றால் எழும் முதல் கேள்வியே அதுதான். சேர்ந்து எட்டு மாதம் கழித்து இப்படி வெளியே அனுப்பப்பட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுக்கு அதன் பிறகு விழுந்த இடைவெளியை எப்படி விளக்குவது என்று எனக்கே தெரியவில்லை.

'குடும்பத்தில் மருத்துவக் காரணம், 2 ஆண்டுகள்' என்று ஒரே வரி எழுதுங்கள். அதன் கீழே கடைசி ஆறு மாதத்தில் கற்றது, செய்த ப்ராஜெக்ட். கதை வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

தர்மபுரி, முதல் தலைமுறைப் பட்டதாரி: எல்லாரும் ரெஃபரல், அதாவது கம்பெனிக்குள் இருப்பவர் சிபாரிசு வேண்டும் என்கிறார்கள். எனக்கு யாரையும் தெரியாதே?

கல்லூரி சீனியர்கள் இருக்கிறார்களே. தயங்க வேண்டாம். பல கம்பெனிகளில் ஆள் சேர்த்துவிட்டால் ரெஃபர் செய்தவருக்குப் பணம் உண்டு, தர்மத்துக்குச் செய்வதில்லை. ஆனால் 'அண்ணா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்ற மெசேஜுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி அனுப்புங்கள்:

'அண்ணா, நான் நம் கல்லூரி 2023 இசிஇ. உங்கள் கம்பெனியில் எம்பெடட் டெஸ்டிங் வேலை ஒன்று பார்த்தேன், எண் கீழே. அதில் கேட்டிருக்கும் சி, கேன் ப்ரோட்டோகால் இரண்டும் ப்ராஜெக்டில் செய்திருக்கிறேன். ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். சரிப்படும் என்று தோன்றினால் ரெஃபர் செய்ய முடியுமா?'

அவர் அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். பத்துப் பேருக்கு அனுப்பினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள். மீதி எட்டுப் பேர்மேல் வருத்தப்படாதீர்கள்.

சென்னை ஓஎம்ஆர், ஜாவா, 7 வருடம்: 90 நாள் நோட்டீஸ் என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள். ஆஃபர் இல்லாமலே ராஜினாமா பேப்பர் போட்டுவிடலாமா?

நோட்டீஸ் காலத்துக்கும் (ராஜினாமாவுக்குப் பிறகு வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) என் திரையில் ஒரு சல்லடை உண்டு. அவசரத்துக்கு ஆள் கேட்டால் 30 நாளுக்கு மேல் இருப்பவர்கள் அதிலேயே போய்விடுவார்கள். பேப்பர் போட்டதும் அழைப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் ஆறு மாத வீட்டுச்செலவும் இஎம்ஐயும் கையில் இல்லையென்றால் போடாதீர்கள். முதலில் உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்து பைஅவுட், அதாவது பணம் கட்டி நோட்டீஸ் நாட்களைக் குறைத்துக்கொள்வது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பலர் ஏழு வருடமாக அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படியே ஒரு புலம்பல்: கையில் நான்கு ஆஃபரை வைத்துக்கொண்டு, சேரும் நாளன்று போனை அணைத்துவிடாதீர்கள். வரவில்லை என்று முந்தைய நாள் ஒரு வரி அனுப்பினால் போதும்.

பட்டுக்கோட்டை: குவைத் வேலைக்கு ஏஜென்ட் 1.5 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கும் ரசீது உண்டு. ஆன்லைனில் ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கோவை: 6 லட்சம் சிடிசி ஒன்று, 5.5 லட்சம் ஒன்று. பெரியதைத்தானே எடுக்க வேண்டும்?

பிரித்துப் பாருங்கள். சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காக ஒரு வருடத்தில் செலவிடும் மொத்தம், கைக்கு வருவது அல்ல. 6 லட்சத்தில் 10 சதவீதம் வேரியபிள், அதாவது நிச்சயமில்லாத பகுதி என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 50,000 என்று வைத்தால் அதில் 5,000 போயிற்று. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 20,000 என்றால் கம்பெனி பங்கு பிஎஃப் 2,400, உங்கள் பங்கு 2,400, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 960 சொச்சம். தொழில் வரியும் கழித்தால் கைக்கு வருவது 39,000 பக்கம். வேரியபிள் இல்லாத 5.5 லட்சத்துக்கு இதே கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட 40,000 வருகிறது. வருடக் கடைசியில் அந்த வேரியபிளை முழுதாகக் கொடுப்பார்களா என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.