பேசியது 4 லட்சம், கடன் 4.70 லட்சம்: என்ன செய்வது?

பழைய கார் வாங்கினீர்கள். பேசியதைவிட 70 ஆயிரம் கூடுதலாகக் கடன் ஏறியிருக்கிறது, டீலர் "சரியாகிடும் சார்" என்கிறார். சரியாகாது.

கோபத்தில் இ.எம்.ஐ.யை நிறுத்திவிடாதீர்கள். சிபில் (கடன் மதிப்பெண்) அடிவாங்குவது உங்களுக்குத்தான், டீலருக்கு இல்லை.

கடன் கொடுத்த நிறுவனத்துக்கே மெயில் போட்டு இவற்றைக் கேளுங்கள்: கையெழுத்திட்ட ஒப்பந்த நகல், கடன் கணக்கு விவரம், பணம் யார் கணக்கில் போனது என்ற விவரம். 2024 அக்டோபர் முதல் இத்தகைய கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் (Key Facts Statement) கட்டாயம். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் அதில் இருக்க வேண்டும். என் மச்சானுக்கு 38 ஆயிரம் "காப்பீடு" என்ற ஒற்றை வரியில் ஒளிந்திருந்தது. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார், பாவம்.

30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. கையெழுத்தே போலி என்றால் காத்திருக்காமல் காவல் நிலையம் போங்கள்.

இன்னொன்று: அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய உரிமையாளரின் கடன் ஆர்.சி.யில் இன்னும் இருந்தால், அவருக்குக் கடன் தந்தவரின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லைச் சான்று) ஆர்.சி.யில் கடனை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.