எங்கள் எம்.பி. ‘எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு’ என்கிறார். காரைக்குடியில் மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை வாங்கும் எனக்கு அதனால் என்ன பயன்?

மாத்திரைச் செலவுக்கு என்றால், அநேகமாக ஒன்றுமில்லை. அரசுக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்த பிறகுதான் கைகொடுக்கும். சிவகங்கை எம்.பி.யாக இருந்த ப. சிதம்பரம் நிதியமைச்சராக 2008-இல் தாக்கல் செய்த பட்ஜெட்டில், ஏழை அமைப்புசாராத் தொழிலாளர் குடும்பங்களுக்கான 30,000 ரூபாய்க் காப்பீடு இடம்பெற்றது. பின்னர் வந்த தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. தொகைதான் வளர்ந்தது, புறநோயாளியின் மருந்துச் சீட்டு இன்னும் வெளியேதான் நிற்கிறது.

உங்களுக்கு உதவுவது மாநில அரசின் ஏற்பாடு. அரசு மருத்துவமனைகளில் சர்க்கரை மாத்திரை இலவசம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை வீட்டுக்கே கொண்டுவந்தது. அரசியலமைப்பின்படி மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் வருபவை. எனவே மாத்திரை தடைபட்டால் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். எம்.பி.யிடம் கேட்க வேண்டியது ஒன்றே: புறநோயாளிச் செலவையும் காப்பீட்டில் சேர்க்க நாடாளுமன்றத்தில் பேசினீர்களா?