மாலையானால் வயிறு உப்புவது ஏன்?

கேள்வி: என் வயது 41. அமர்ந்தபடியே பார்க்கும் வேலை. மதியம் சாப்பிட்டபின் வயிறு உப்பத் தொடங்கி, மாலையில் பெல்ட்டைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. எண்டோஸ்கோப்பியில் குறை எதுவும் இல்லை. தினமும் கேஸ் மாத்திரை போட்டும் குறையவில்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் கேஸ் மாத்திரை என்று குறிப்பிடுவது, பெரும்பாலும் இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்தாகவே இருக்கும். அது நெஞ்செரிச்சலுக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் பயன்படுமே தவிர, வயிற்றில் சேரும் வாயுவைக் குறைக்காது. அந்த வாயுவில் ஒரு பகுதி நாம் விழுங்கும் காற்று. மறுபகுதி, சிறுகுடலில் செரிக்காமல் போன மாவுச்சத்தைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்வதால் உண்டாவது.

ஆகவே, மதிய உணவை எத்தனை நிமிடங்களில் முடிக்கிறீர்கள் என்று நாளை கடிகாரத்தைப் பாருங்கள். கைபேசியைப் பார்த்தபடி சாம்பார் சாதத்தை மெல்லாமலே விழுங்கி, ஐந்தாறு நிமிடங்களில் எழுந்து, அண்ணாந்து கடகடவென்று தண்ணீர் குடிப்பவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் அவர்கள் காற்றையும் சேர்த்தே விழுங்குகிறார்கள். பிறகு உப்புசம் தீரச் சோடா குடித்தால் பெரிய ஏப்பம் வரும். ஆனால், அப்போது வெளியேறுவது பெரும்பாலும் அந்தச் சோடாவில் இருந்த வாயுதான்.

கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அதற்காகச் சுண்டலையே விட்டுவிட வேண்டாம். இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் குழைய வேகவைத்து, அளவாக உண்ணுங்கள். வயது ஏற ஏறப் பாலைச் செரிக்கும் திறன் பலருக்குக் குறைந்துவிடுவதால், நாளொன்றுக்கு நான்கைந்து முறை பால் கலந்த டீ குடிப்பவராயின், இரண்டு வாரங்கள் நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். சாப்பிட்டவுடன் நாற்காலியில் சாயாமல் 10 நிமிடங்கள் மெதுவாக நடப்பது, வாயு நகர்ந்து வெளியேற உதவும்.

எடை குறைதல், மலத்தில் ரத்தம், தொடர் வாந்தி, ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மீண்டும் பரிசோதனை அவசியம். பெண்களுக்கு, குறிப்பாக 50 வயதைக் கடந்தவர்களுக்கு, உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தால் சினைப்பையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ அழுத்தத்துடன் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால், வாயு என்று எண்ணிக் காத்திருக்காமல், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் சென்று இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள்.