கடைக் கணினியின் திரையை வீட்டிலிருந்து பார்க்க லினக்ஸில் விஎன்சி சேர்வர் போடுகிறேன். பாஸ்வேர்ட் வைத்தால் போதுமா, வேறு ஒப்ஷன்களும் மாற்ற வேண்டுமா?

போதாது. பாஸ்வேர்டுக்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டிய ஒப்ஷன் வேறொன்று இருக்கிறது. வெளியிலிருந்து யாராவது இணையும்போது, அந்தக் கணினிக்கு முன்னால் இருப்பவரிடம் "விடலாமா" என்று கேட்கும் ஒப்ஷன் அது. தொல்லை என்று பலர் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு, காரணத்தையும் சொல்கிறேன்.

"கடைக் கணினி" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அதில் உட்கார்ந்து வேலை செய்பவர் ஒருவர், வீட்டிலிருந்து பார்க்கப் போகிறவர் இன்னொருவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கொழும்பில் சின்னக் கடைகளுக்கும் ஒப்பிஸ்களுக்கும் கணினி வேலை செய்து கொடுப்பவன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. மேல்மாடியில் கணக்கு எழுதும் அக்கா ஒருவர். முதலாளி வீடு வெள்ளவத்தையில். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அவரால் நினைத்த நேரம் கடைக்கு வர முடியவில்லை. அப்போது வேறொரு ஆள் வந்து எக்ஸ்11விஎன்சி என்ற விஎன்சி சேர்வரைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பராமரிப்பையும் தானே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கே போனது பிரிண்டர் பார்க்க. அக்கா கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் கையை எடுத்திட்டன், மவுஸ் தன்பாட்டில ஓடுது." பேய் பிசாசு என்றுகூட நினைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நம்ப மாட்டார்கள் என்ற பயம். அதற்குள் ஒருநாள் சேமிக்காத கணக்குத் தாள் ஒன்று மூடப்பட்டுப் போய், அன்றைய கடன் பதிவுகள் காணாமல் போயிருந்தன. முதலாளி கேட்டது அக்காவைத்தான். வேறு யாரைக் கேட்பார்? அந்தக் கணினியில் கை வைப்பவர் அவர் ஒருவர்தானே.

எக்ஸ்11விஎன்சியின் லொக் கோப்பைத் திறந்தேன். எந்த ஐபியிலிருந்து (இணையத்தில் ஒரு கணினியின் முகவரி எண்) எத்தனை மணிக்கு இணைப்பு வந்தது என்று அதில் வரிவரியாக இருக்கும். தாள் மூடப்பட்ட நேரத்துக்குச் சரியாக ஒரு இணைப்பு இருந்தது. பராமரிப்புக்காரர்தான், அப்டேட் போட உள்ளே வந்திருக்கிறார். திருட வரவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லாமல் வந்தார், இன்னொருவர் வேலை செய்துகொண்டிருந்த ஜன்னலை மூடினார், பழி அக்கா மேல் விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை. அதே லொக்கில் யாரென்றே தெரியாத ஐபிகளும் கதவைத் தட்டியிருந்தன. ஏனென்றால் ரூட்டரில் 5900ஆம் போர்ட்டை, அதாவது இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை, உலகத்துக்கே திறந்து விட்டிருந்தார்கள். விஎன்சியின் வழக்கமான போர்ட் அது என்பதால் தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்க அதைத் தேடிக்கொண்டே இருக்கும்.

சரி, நான் மாற்றியதைச் சொல்கிறேன். எக்ஸ்11விஎன்சியில் "அக்செப்ட்" என்று ஒரு ஒப்ஷன் இருக்கிறது. அதற்கு "பொப்அப்" என்று கொடுத்தால், யாராவது இணையும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் மூன்று தெரிவுகள்: விடலாம், வேண்டாம், பார்க்க மட்டும் விடலாம். விசைப்பலகையில் முறையே வை, என், வி என்ற ஆங்கில எழுத்துகளை அழுத்தினாலும் போதும். 120 வினாடிக்குள் பதில் இல்லையென்றால் இணைப்பு மறுக்கப்படும், அந்த நேரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். முதலாளிக்குக் கணக்கைப் பார்த்தால் போதும், தட்டச்சு செய்யத் தேவையில்லை. அதனால் அக்கா பெரும்பாலும் வி எழுத்தைத்தான் அழுத்துவார். எல்லோருக்குமே பார்க்க மட்டும் என்றால் "வியூ ஒன்லி" ஒப்ஷனை நிரந்தரமாகவே போடலாம்.

அடுத்தது "லோக்கல்ஹோஸ்ட்". இதைப் போட்டால் சேர்வர் அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும்தான் ஏற்கும். வெளியிலிருந்து வருபவர் எஸ்எஸ்எச் டனல் என்ற, மறைகுறியாக்கம் செய்த பாதை வழியாக வர வேண்டும். கட்டாயம் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பழைய விஎன்சி பாஸ்வேர்ட் முறை முதல் எட்டு எழுத்தைத்தான் பார்க்கும். நீங்கள் இருபது எழுத்தில் வைத்தாலும் மிச்சம் பன்னிரண்டும் கணக்கில் இல்லை. போதாததற்கு, உள்ளே போன பிறகு திரையும் தட்டச்சும் மறைகுறியாக்கம் இல்லாமல்தான் போய்வரும். டனல் போட்டால் இரண்டு கவலையும் தீரும். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: டனல் வழியாக வருபவர் யாராக இருந்தாலும் அந்தப் பெட்டியில் கடைக் கணினியின் முகவரியே தெரியும், ஆள் யார் என்று தெரியாது. அதனால் முதலாளி முதலில் போன் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் இணைவார். போன் வராமல் பெட்டி வந்தால் அக்கா வேண்டாம் என்பதற்கான "என்" எழுத்தை அழுத்திவிடுவார்.

"ஃபோரெவர்" ஒப்ஷன் இல்லையென்றால் முதல் ஆள் வெளியேறியதும் சேர்வர் தானாக நின்றுவிடும், அதைப் போடுங்கள். "ஷெயார்ட்" ஒப்ஷன் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்ப்பதற்கு. தேவையில்லாவிட்டால் விட்டுவிடுங்கள். டைகர்விஎன்சி என்ற வேறொரு விஎன்சி சேர்வரைப் போடுவதென்றால் அதில் "குவெரிகனெக்ட்" என்ற ஒப்ஷன் அனுமதி கேட்கும் வேலையைச் செய்யும். கிளிப்போர்ட் போய்வருவதை நிறுத்தவும் அதில் தனி ஒப்ஷன்கள் உண்டு. அக்கா நகலெடுத்து வைத்த வங்கிக் கணக்கு எண் முதலாளி வீட்டுக் கணினிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லையே.

இதற்குக் கீழே என்ன எழுதுவீர்கள் என்று தெரியும். "டீம்வியூவர், எனிடெஸ்க் போட்டால் ஐந்து நிமிஷ வேலை." உண்மைதான், அவை தூரத்திலிருந்து கணினியைப் பார்க்க உதவும் நல்ல மென்பொருட்கள்தான். ஆனால் டீம்வியூவர் இலவசம் என்பது தனிப்பட்ட பாவனைக்கு மட்டும், கடைக்குப் போடுவதென்றால் லைசன்ஸ் வாங்க வேண்டும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நேரத்தில் டொலரில் சந்தா கட்டு என்று ஒரு பருப்பு வியாபாரியிடம் நான் எப்படிச் சொல்வது? "முதலாளியின் கணினி, அவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்பவர்களும் வருவார்கள். பார்க்கலாம். அவருடைய உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அக்கா. அவர் பெயரில் இருக்கும் பதிவை அவருக்குத் தெரியாமல் இன்னொரு கை மாற்றக்கூடிய நிலையில் ஒரு கணினியை நான் யாருக்கும் அமைத்துக் கொடுக்க மாட்டேன்.

தமிழில் தட்டச்சு செய்கிறீர்கள் என்றால் இன்னொன்று. விஎன்சி பொதுவாக எந்த விசையை அழுத்தினீர்கள் என்று அனுப்பாது, அதிலிருந்து வந்த எழுத்தைத்தான் அனுப்பும். இரண்டு பக்கமும் தமிழ் விசைப்பலகையை ஓன் பண்ணி வைத்தால் எழுத்து குழம்பும். வீட்டுப் பக்கம் ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, கடைப் பக்கம் மட்டும் தமிழை வையுங்கள்.

தமிழ் என்றதும் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கடைக்கு வரும் தமிழ்க் கடிதக் கோப்புகளில் இன்னும் எத்தனையோ பாமினி எழுத்துருவில்தான் வருகின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "தமிழ்" என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாகக் கிடக்கும். தேடவும் முடியாது, போனில் வாசிக்கவும் முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட் வந்து இத்தனை காலமாகிறது, எல்லாப் போனிலும் தமிழ் இருக்கிறது. ஆனாலும் பாமினியில் அடித்து அனுப்பிவிட்டு, "உங்கள் கணினியில்தான் கோளாறு" என்று சொல்கிறார்கள். அக்கா அதை நம்பி என்னைக் கூப்பிடுவார். கணினியில் ஒரு கோளாறும் இருக்காது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதையும் நிறுவுவதற்கு முன், செட்டிங்ஸில் கணினியைப் பற்றிய பகுதிக்குப் போய் "விண்டோயிங் சிஸ்டம்" என்ற வரியைப் பாருங்கள். லினக்ஸ் திரையை எந்த முறையில் காட்டுகிறது என்று அது சொல்லும். எக்ஸ்11 என்றிருந்தால் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். வேலண்ட் என்றிருந்தால் எக்ஸ்11விஎன்சி சரிவராது, நோம் என்ற டெஸ்க்டொப்புக்குள்ளேயே இருக்கும் பகிர்வு வசதியைத்தான் பாவிக்க வேண்டும். உபுண்டு 22.04இலிருந்து அது விஎன்சிக்குப் பதிலாக ஆர்டிபி என்ற வேறொரு திரைப் பகிர்வு முறையில் ஓடுகிறது, போர்ட் 3389. அதில் ரிமோட் கொன்ட்ரோல் என்ற சுவிட்சை அணைத்துவிட்டால் பார்க்க மட்டும்தான் முடியும். இந்தப் போர்ட்டையும் ரூட்டரில் திறந்து விடாதீர்கள். எது என்று பார்த்து எழுதுங்கள், அதற்கேற்ற கட்டளையைத் தருகிறேன்.